முன்னோர் பெயர் தேடுவோர் பத்திரத்தின் நாலெல்லையைப் படியுங்கள்

வாசகர் கேள்வி, 4 பிப்ரவரி 2024

எங்கள் குடும்பம் கும்பகோணம் பக்கத்துக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தது. தாத்தா காலத்திலேயே ஊரை விட்டு வந்துவிட்டோம். கொள்ளுத் தாத்தாவின் பெயர் வரைதான் வீட்டில் தெரிகிறது. இங்கிலாந்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர், 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தன் முன்னோர் வீட்டில் யார் யார் இருந்தார்கள், என்ன வயது, என்ன தொழில் என்பதையெல்லாம் ஒரே இரவில் எடுத்துவிட்டார். அதே ஆண்டில் ஆங்கிலேயர் நம் ஊரிலும் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள் அல்லவா? ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டால் அந்த ஏடு கிடைத்துவிடும், பழைய பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். சரிதானே?

5 பிப்ரவரி 2024

சரியல்ல. இந்த எண்ணத்தோடு எழும்பூருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் பலரை நான் அறிவேன் என்பதால், இதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் வீட்டுவாரி அட்டவணைகளைப் பாதுகாத்து, நூறாண்டு கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்து விடுகிறார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அங்கே 2022 ஜனவரியில்தான் பார்வைக்கு வந்தது. அமெரிக்காவில் 72 ஆண்டுக் காத்திருப்பு. அதன்படி 1950ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. இந்தியாவில் நடந்தது வேறு. சென்னை மாகாணத்தில் 1871-இலும், நாடு முழுவதும் ஒரே சமயத்தில் 1881 பிப்ரவரியிலும் எடுத்த கணக்கில், வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினார்கள் என்பது உண்மை. ஆனால் அரசுக்கு வேண்டியிருந்தது தொகை மட்டுமே. எத்தனை ஆண், எத்தனை பெண், எந்தச் சாதி, எந்தத் தொழில் என்று கூட்டிப் பட்டியலிட்ட பிறகு அந்த அட்டவணைகளை யாரும் பாதுகாத்து வைக்கவில்லை. அச்சான அறிக்கைகள்தாம் நம் கையில் இருப்பவை. அவற்றில் உங்கள் கொள்ளுத் தாத்தா ஓர் எண்ணுக்குள் இருக்கிறார், அவருடைய பெயர் இல்லை.

விடுதலைக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்பாளர் எழுதிய ஏட்டை எவரும் பார்வையிட உரிமையில்லை என்றும், அது நீதிமன்றத்தில் சான்றாகச் செல்லாது என்றும் சொல்கிறது. எத்தனை ஆண்டுக்குப் பிறகு திறக்கலாம் என்று அதில் ஒரு வரம்பும் இல்லை.

ஆகவே நம் பக்கத்தில் பெயர் வேண்டுமானால் பத்திரத்துக்குத்தான் போக வேண்டும். வரி, வழக்கு, கடன், பாகம் ஆகியவற்றுக்காகப் பிறந்த ஏடுகளே நம் மக்களின் பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

5 பிப்ரவரி 2024, இரவு

ஒரு சேர்க்கை. கணக்கெடுப்பு அறிக்கைகளால் பயனே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1951 முதல் வெளிவந்த மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளில் ஊர்வாரியாக மக்கள்தொகை கிடைக்கும். ஓர் ஊரின் பெயர் எப்படி எழுதப்பட்டது, அது எந்தத் தாலுகாவில் இருந்தது என்பவற்றை உறுதி செய்ய இவற்றைவிட நல்ல துணை கிடையாது. பழைய அறிக்கைகள் நம் குடும்பக் கதையின் பின்னணியையும் தருகின்றன. தாது வருஷப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்ததாகக் குடும்பத்தில் சொல்லும் சேலத்துக்காரர்கள், 1871-க்கும் 1881-க்கும் இடையில் தங்கள் மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்துபோனதை அந்தப் பட்டியல்களில் பார்க்கலாம்.

11 பிப்ரவரி 2024

"எங்கிருந்து தொடங்குவது?" என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். கையில் இருப்பதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். குடும்பத்தில் கடைசியாக யார் பெயரில் நிலம் இருந்ததோ அந்தப் பத்திரத்தை எடுத்து, அதற்குள் சொல்லியிருக்கும் முந்தைய பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலுக்கு மனுப் போடுங்கள். அந்த நகல் தனக்கு முந்தையதைச் சொல்லும். மூலப் பத்திரம் காணாமல் போயிருந்தாலும் கவலை வேண்டாம். பதிவான ஒவ்வொரு கிரயமும் ஒத்தியும் பாகப் பிரிவினையும் அலுவலகத்தின் முதல் புத்தகத்தில் முழுமையாகப் படியெடுத்து வைக்கப்பட்டிருக்கும். உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும். பதிவுச் சட்டம் 1864-இல் வந்தது என்பதால், சில குடும்பங்களுக்கு ஐந்தாறு தலைமுறை வரை இந்த வழியிலேயே போய்விட முடியும்.

இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து, "1975-க்கு முன்னால் ஒன்றும் இல்லை" என்று சோர்ந்துவிடுகிறார்கள். 2024 தொடக்கத்தில் பெரும்பாலான அலுவலகங்களுக்கு இணையத்தில் ஏற்றியிருந்தது அந்த அளவுதான். அதற்கு முந்தையதைக் கையால் தேடித் தரும்படி மனுச் செய்ய வேண்டும். அப்போது இன்றைய சர்வே எண்ணைக் கொடுத்தால் பயனில்லை. 1979-இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், நாம் யுடிஆர் என்று சொல்லும் அந்த வேலையில், பல ஊர்களில் எண்கள் உட்பிரிவாகி மாறிவிட்டன. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. முதலில் அதைப் பார்த்துப் பழைய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஜமீன் ஊர்களில் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் பல இடங்களில் சர்வேயே நடந்தது. அங்கே அதற்கு முந்தைய பத்திரங்களில் நிலத்தின் பெயரும் எல்லையும்தாம் அடையாளம்.

அலுவலக எல்லைகளும் மாறியிருக்கும். இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் ஊர், 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. உங்கள் ஊர் 1900-இல் எந்தச் சார்பதிவாளருக்கு உட்பட்டிருந்தது என்று முதலில் கேளுங்கள்.

18 பிப்ரவரி 2024

இந்த இழையில் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இந்தக் குறிப்புதான்.

பழைய பத்திரம் கையில் கிடைத்ததும் எல்லோரும் எழுதிக் கொடுத்தவர் பெயரையும் எழுதி வாங்கியவர் பெயரையும் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். வம்சாவளி தேடுபவருக்குச் செய்தி அதிகம் இருப்பது கீழே, சொத்து விவரத்தில், நான்கு எல்லையில். பக்கத்து நிலக்காரர்கள் அங்கே தந்தை பெயரோடு நிற்கிறார்கள்.

எங்கள் குடும்பத்துப் பத்திரம் ஒன்றைச் சொல்கிறேன். பரிதாபி வருஷத்துக் கிரயம், 1912. முத்திரைத் தாளின் மடிப்புகள் நான்கும் இற்றுப்போய், பின்னால் யாரோ பழைய கடித உறையைக் கிழித்து ஒட்டியிருக்கிறார்கள். கறுப்பு மை பழுப்பேறியிருந்தாலும் எழுத்து தெளிவு. ஆறு மா நஞ்சை. "தெற்கு எல்லை வாய்க்கால், கிழக்கு எல்லை கோயில் நிலம்" என்று போகிறது. மேற்கு எல்லையில் ஒருவர் பெயர். அவருடைய தகப்பனார் பெயராக எழுதியிருந்தது, எங்கள் கொள்ளுப்பாட்டனாருடைய தம்பியின் பெயர். அந்தத் தம்பி வாரிசில்லாமல் போய்விட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள்.

ஒரே பெயர் ஊரில் பலருக்கு இருக்கும், ஆகவே அந்த ஒரு வரியை வைத்து முடிவு கட்டவில்லை. எங்களுக்கு அந்த ஊரில் இருந்த மற்ற நிலங்களின் பத்திரங்களையும் எடுத்துப் பார்த்தேன். பெரிய வயலிலும், வாய்க்காலுக்கு அப்பாலிருந்த துண்டிலும், மேட்டுப் புஞ்சையிலும் மேற்கில் அதே பெயர் நின்றது. விஷயம் அப்போது விளங்கியது. காவிரிப் பாசனத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது ஒருவருக்கு ஒரு வயல், இன்னொருவருக்கு வேறு வயல் என்று பெரும்பாலும் பிரிப்பதில்லை. மண்ணின் தரமும் தண்ணீரும் எல்லோருக்கும் ஒத்து வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வயலையும் வாய்க்காலிலிருந்து நீளவாக்கில் வகிர்ந்துகொள்வார்கள். ஆகவே விலைக்கு வாங்கி வந்த அண்டை நிலக்காரர் ஏதாவது ஒரு வயலில்தான் அண்டையாக இருப்பார்; பங்காளியோ போகும் இடமெல்லாம் அண்டையாக இருப்பார். எல்லா நிலங்களின் எல்லைகளையும் ஒரே தாளில் எழுதி, எந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் உங்கள் இரத்தம்.

பிறகு 1889ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினைப் பத்திரத்தின் நகல் கிடைத்தபோது சகோதரர்கள் மூவரும் ஒன்றாக அதில் இருந்தார்கள். வாரிசில்லை என்று சொல்லப்பட்டவரின் மகன் பர்மாவுக்குப் போய், ரங்கூனிலிருந்து தன் பங்கை விற்க முக்தியார் (அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பியிருந்ததும் அதற்குப் பிந்தைய ஒரு கிரயத்தில் தெரிந்தது. ஒரு கிளை முழுவதும் எங்கள் பேச்சிலிருந்து உதிர்ந்து போயிருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலையை விடாமல் செய்வதற்குக் காரணமே அவர்கள்தாம்.

19 பிப்ரவரி 2024

சாட்சிக் கையெழுத்துகளையும் விட்டுவிடாதீர்கள். உள்ளூர்ச் சாட்சி கணக்குப்பிள்ளையாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருக்கலாம். வேறு ஊர்க்காரர் ஒருவர் பல பத்திரங்களில் தொடர்ந்து சாட்சி போட்டிருந்தால், அவர் மைத்துனரா, மாமனாரா, சம்பந்தியா என்று விசாரியுங்கள். பெண் கொடுத்த ஊர், எடுத்த ஊர் எது என்பது இப்படித்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

27 பிப்ரவரி 2024

தேதிகளைப் பற்றித் தனிச்செய்தியில் பலர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

பத்திரத்தில் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றில் எதைச் சேர்ந்தது என்பதை வேறு சான்றால் தீர்மானிக்க வேண்டும். நந்தன என்றால் 1832, 1892, 1952 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். பதிவான பத்திரத்தில் ஆங்கிலத் தேதியும் இருக்கும். பதிவில்லாத ஓலைக்கும் கைச்சாத்துக்கும்தான் இந்தத் தொல்லை. திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கம் கொல்லம் ஆண்டும் சேர்ந்து வரும். அதனோடு 825 கூட்டினால் போதும், ஆவணி முதல் டிசம்பர் முடியவுள்ள, கொல்லம் ஆண்டின் முதல் சில மாதங்களுக்கு மட்டும் 824 கூட்ட வேண்டும்.

வருவாய்த் துறை ஏடுகள் பசலி என்ற வருவாய் ஆண்டுக் கணக்கில் போகின்றன. பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1322 என்பது 1912 ஜூலை முதல் தேதி தொடங்கி 1913 ஜூன் முடிய. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆனி மாதத்தின் நடுவிலேயே பசலி மாறிவிடுகிறது. ஆகவே ஆனி மாதத்துக் கிரயத்தைக் கொண்டு பட்டா மாறுதலைத் தேடுபவர்கள் இரண்டு பசலிகளையும் பார்க்க வேண்டும்.

எழுதிய தேதியையும் பதிவான தேதியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பத்திரத்தை எழுதி நான்கு மாதம் வரை பதிவுக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்கிறது. எழுதிக் கொடுத்தவர் அதற்கிடையில் இறந்து, வாரிசுகள் வந்து பதிந்து கொடுத்த பத்திரங்களும் உண்டு. அப்படிப்பட்டது கிடைத்தால் அது பெரும்பேறு. ஒரு மரணத்தின் காலமும் வாரிசுகள் அனைவரின் பெயரும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

அளவுகளில் ஒரு வேலிக்கு இருபது மா, ஒரு மாவுக்கு நூறு குழி. வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம், மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். தமிழ் இலக்கங்களில் ௧, ௨, ௩ எல்லோருக்கும் ஓரளவு பழக்கம். பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱ ஆகிய இரண்டையும் உருவம் மனத்தில் பதியும்வரை எழுதிப் பழகுங்கள். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்க மாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், எகர ஏகார வேறுபாடு இராது. முதல் பத்து வரிதான் கடினம். அதே எழுத்தர் எழுதிய இரண்டாவது பத்திரம் தானாகவே படிய வரும்.

3 மார்ச் 2024

முதல் கேள்வி கேட்ட நண்பர் இரண்டு பத்திரங்களின் நகலை வாங்கிவிட்டார், மகிழ்ச்சி. ஒன்றில் "ஆறுமுகம் குமாரர் சுப்பராயன்" என்றும், மற்றதில் "சுப்பராயன் குமாரர் ஆறுமுகம்" என்றும் இருப்பதால், எழுத்தர் மாற்றி எழுதிவிட்டாரோ என்று ஐயப்படுகிறார்.

ஐயமே வேண்டாம். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரு குடும்பத்தில் இரண்டு பெயர்களே நூற்றைம்பது ஆண்டு மாறி மாறி ஓடும். இதைக் கவனிக்காமல் இரண்டு தலைமுறைகளை ஒன்றாக்கி, தாத்தாவுக்கு நூற்றுப்பத்து வயது கொடுத்துவிட்ட வம்சாவளிப் படங்களை நான் பார்த்திருக்கிறேன். பெயரோடு வயதையும் சேர்த்துக் குறியுங்கள். வயது சொல்லாத பத்திரமானால் உடன் இருப்பவர்களைப் பாருங்கள்: யார் மைனர், யார் கார்டியன், சாட்சிகளில் யார் உயிரோடிருக்கிறார். மூத்த மகனுக்குத் தகப்பன் வழிப் பாட்டன் பெயர், இளையவனுக்குத் தாய் வழிப் பாட்டன் பெயர் என்ற ஒழுங்கு உங்கள் வீட்டில் இருந்தால், இளையவனின் பெயர் உங்களைத் தாய்மாமன் ஊருக்கே கொண்டுபோய் விடக்கூடும்.

9 மார்ச் 2024

"நீங்கள் சொல்வதெல்லாம் ஆண் வழிதானே, பாட்டிகள் எங்கே?" என்று யாழ்ப்பாணத்து வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி, இதைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூர்ப் பத்திரங்களில் பெண் பெரும்பாலும் கணவர் இறந்த பிறகுதான் வருகிறார். "இன்னார் சம்சாரம் இன்னார், மைனர் குமாரருக்குக் கார்டியனும் தாயாருமாகிய" என்று கடன் தீர்க்க நிலத்தை விற்கும் இடத்தில் அவர் பெயர் முதன்முறையாக ஏட்டில் ஏறுகிறது. பக்கத்தின் அடியில் ஒரு கீறலும் அதைச் சுற்றி எழுத்தர் கையால் அவர் பெயரும் இருக்கும். என் கொள்ளுப்பாட்டியின் பெயரை நான் அப்படித்தான் அறிந்தேன். அவருடைய ஊர், தகப்பனார் பெயர் ஒன்றும் அதில் இல்லை. அவருக்கு உடன்பிறந்தவர்கள் சீராகக் கொடுத்த நிலம், அதாவது மஞ்சள் காணி, ஏதாவது இருந்திருந்தால், அதன் தானப் பத்திரத்தில் இரண்டும் கிடைத்திருக்கும்.

வாசகி குறிப்பிடும் யாழ்ப்பாண நிலைமை இதனினும் வளமானது. அங்கே தேசவழமை என்ற வழக்குச் சட்டப்படி முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்று சொத்தை வகுத்திருக்கிறார்கள். ஒல்லாந்தர் 1707-இல் அந்த வழமையைத் தொகுத்து எழுதினார்கள். சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. உறுதி என்பது அங்கே பத்திரம். ஆகவே ஒரு சீதன உறுதியிலிருந்து தாயின் சீதன உறுதிக்கும், அதிலிருந்து பாட்டியின் உறுதிக்கும் பின்னோக்கிப் போய், பெண் வழியே ஒரு முழு வம்சாவளி எழுதிவிடலாம். காணிக்குப் பெயர் இருப்பதும் பெரிய உதவி. பரப்பும் குழியும் உடைந்து சிறுத்துப் போனாலும் அந்தப் பெயர் உறுதியில் தொடர்ந்து வரும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் என்ற பதிவேடுகளில் நிலத்துக்கு ஒரு பதிவும் ஆட்களுக்கு ஒரு பதிவுமாக எழுதியிருக்கிறார்கள். இந்த இழையின் முதல் கேள்வியில் நண்பர் ஆசைப்பட்ட குடும்பவாரிப் பதிவுக்கு நம் மொழி பேசும் நிலத்தில் மிக நெருங்கி வருவது அதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டுப் பாட்டிகளைத் தேடுவோருக்கு வேறு சில இடங்களும் உண்டு. கிறிஸ்தவக் குடும்பமானால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் தாய் பெயர் இருக்கும். தரங்கம்பாடியில் சீர்திருத்தச் சபைப் பணி 1706-இலேயே தொடங்கிவிட்டது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களில் பழைய மொய் நோட்டு இருந்தால் அதை எக்காரணம் கொண்டும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஊர்வாரியாகப் பெயர் எழுதிய மொய் நோட்டு என்பது, அன்று உயிரோடிருந்த உறவினர் அனைவரின் பட்டியல். தாய்மாமன் முறைக்காரர்களை அதில் தனியாகவே காணலாம்.

10 மார்ச் 2024

இனாம் நிலம் வைத்திருந்த குடும்பங்கள், அதாவது கோயில் பணி, ஊர்ப் பணி, வேத விருத்தி, சத்திரம் என்று ஏதாவது ஒரு மானியம் பெற்றவர்கள், 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். மானியம் கொடுத்தவர் யார், முதலில் பெற்றவர் யார், விசாரணையின்போது அனுபவித்து வந்தவர் அவருக்கு என்ன உறவு என்பதற்கெல்லாம் அதில் இடம் வைத்திருந்தார்கள். எழும்பூருக்குப் போவதானால் இதற்காகப் போங்கள்.

24 மார்ச் 2024

ஒருவர் எழுதிய கடுமையான மறுமொழியை நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். "எங்களுக்கு நிலமே இருந்ததில்லை. பத்திரம் வைத்து முன்னோரைத் தேடுவது மிராசுதார் வீட்டுப் பொழுதுபோக்கு. நாங்கள் எதில் தேடுவது?" என்று அவர் கேட்கிறார்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் மேலே எழுதிய வழிகள் அனைத்தும் நிலம் உள்ளவரையே காட்டும். தஞ்சாவூர் வயல்களில் நாற்று நட்டவர்களும் அறுத்தவர்களும் அந்த வயல்களின் பத்திரங்களில் இல்லை. நூறு ஆண்டுப் பத்திரங்களைப் படித்தாலும், ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்களின் தெரு எல்லை விவரத்தில் "சேரிக்குத் தெற்கு" என்ற ஒரு சொல்லாகத்தான் வருகிறது. இதை முதலில் ஒப்புக்கொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும்.

ஆனாலும் ஏடுகள் இல்லாமல் இல்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். பத்தாண்டு வரை விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்கு வெளியே விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலங்கள், பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு) நிலம் என்ற குறிப்போடு ஒப்படை பெற்றவர் பெயரில் இருக்கும். இன்று நிலம் வேறு கையில் இருந்தாலும் பழைய பதிவேட்டில் உங்கள் பாட்டனார் பெயர் இருக்கக்கூடும். அது வம்சாவளிக்கு மட்டுமல்லாமல் நிலத்தின் மேலுள்ள உரிமைக்கும் சான்று என்பதால், கிடைத்தால் சான்றிட்ட நகலாகவே வாங்கி வையுங்கள்.

குத்தகைக்கு உழுதவர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு எழுதப்பட்டது. உழவரின் பெயர், நில உரிமையாளரின் பெயர், சர்வே எண் மூன்றும் அதில் சேர்ந்து வரும். பண்ணையில் வேலை செய்து மிராசுதார் மனையில் குடியிருந்தவர்களுக்கு 1971ஆம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டம் அந்த மனையையே உரிமையாக்கியது. எங்கள் பக்கத்துப் பல குடும்பங்கள் தங்கள் பெயரில் ஒரு துண்டு மண்ணோடு ஏட்டில் முதன்முதலாக ஏறியது அந்த ஆண்டுகளில்தான். அங்கிருந்து பின்னோக்கிப் போக, கிராமத்துப் பிறப்பு இறப்புப் பதிவேடும், பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும், உயிரோடிருக்கும் மூத்தவர்களும்தாம் துணை. மூத்தவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள்.

25 மார்ச் 2024

நேற்றைய குறிப்பை எழுதிய பிறகு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். நிலமில்லாதவர்களைப் பற்றி மிக விரிவாக எழுதிய ஏடு ஒன்று உண்டு. கடல் கடந்து ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்காக அதிகாரிகள் எழுதிய கப்பல் பட்டியல் அது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு அல்லது மச்சம் என்று எழுதி வைத்தார்கள். மொரீஷியஸில் மோக்கா நகரின் மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்நாட்டுக் குடியேறிகளின் ஏடுகளோடு பலரின் புகைப்படங்களும் இருக்கின்றன.

அவர்களின் மேல் அக்கறை கொண்டு எழுதியதல்ல; ஒப்பந்தத்தை விட்டு ஓடினால் பிடிப்பதற்காகவும் எழுதியது. எனினும் அதே தெருவில் ஊரோடு தங்கிவிட்ட அண்ணனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லாதபோது, கப்பல் ஏறிய தம்பியின் பெயரும் அவன் நெற்றித் தழும்பும் நூற்றைம்பது ஆண்டாக இருக்கின்றன. ஊரில் இருக்கும் குடும்பங்களும் அந்தப் பட்டியல்களில் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். தம்பியின் தகப்பனார் பெயர் கிடைத்தால் அண்ணனின் தகப்பனார் பெயரும் கிடைத்ததாகத்தானே பொருள்?

கங்காணி வழியாக மலாயாவுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் போனவர்களுக்கு இத்தகைய முழுப் பட்டியல் இல்லை. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் முன்னோரும் அங்கேயே பிறந்ததற்குச் சான்று கேட்டபோது, மலையகத் தமிழர்களில் மிகப் பலரிடம் காட்ட ஏடில்லை, நாடற்றவர்களானார்கள். வம்சாவளி ஏடு என்பது சிலருக்குக் குடும்பப் பெருமை, சிலருக்கு வாழ்வே அதன் மேல்தான் நின்றது. 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்கள் தங்கள் குடும்ப அட்டையையும் பழைய பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பூர்விக ஊர்ப் பெயர் அவற்றில் இருக்கலாம்.

14 ஏப்ரல் 2024

டர்பனிலிருந்து எழுதும் அன்பருக்கு. உங்கள் பூட்டனாரின் பட்டியல் வரியை அனுப்பியிருந்தீர்கள். மாவட்டம் தஞ்சாவூர் என்றும், தாலுகா மாயவரம் என்றும் தெளிவாக இருக்கின்றன. கிராமத்தின் பெயர்தான் எந்த வரைபடத்திலும் இல்லை என்கிறீர்கள். தமிழில் சொன்னதை வேறு மொழிக்காரர் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியது அது. அந்த எழுத்துகளைக் கண்ணால் ஒப்பிடாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ழகரம் எல் ஆகவோ ஆர் ஆகவோ ஆகியிருக்கும், "நல்லூர்" என்பதில் ஒரு பாதியே மிஞ்சியிருக்கும், "மங்கலம்" கடைசி எழுத்தை இழந்திருக்கும். மாயவரம் என்பது இன்றைய மயிலாடுதுறை. அந்தத் தாலுகாவின் பல ஊர்கள் இப்போது வேறு தாலுகாக்களில் சேர்ந்துவிட்டன. ஆகவே இன்றைய வரைபடத்தை விட்டுவிட்டு, 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் கையேட்டின் ஊர்ப்பட்டியலில் அந்தத் தாலுகா முழுவதையும் வரிசையாகப் படித்துப் பார்ப்பதே வழி.

நான் படித்தவரையில் இரண்டு ஊர்கள் ஒலியால் ஒத்து வருகின்றன. எது என்று தீர்மானிக்க, அதே கப்பலில் அதே தாலுகாவிலிருந்து வந்த மற்றவர்களின் வரிகளும் வேண்டும். ஓர் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சேர்ந்தே கப்பல் ஏறினார்கள். அடுத்தடுத்த எண்களில் இருப்பவர்களின் வரியில் இதே ஊர்ப் பெயர் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஐயம் நீங்கிவிடும். உங்கள் பூட்டனாரின் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களைப் படமெடுத்து, தகப்பனார் பெயர், சாதி, உடலடையாளம் உட்பட ஒரு கட்டமும் விடாமல் அனுப்புங்கள். அவை வந்து சேர்ந்ததும் இரண்டு ஊர்களின் குடியிருப்பு மனைப் பதிவுகளையும் நான் நேரில் போய்ப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.